இருபது மாதம் வீட்டுக்குள் வளர்ந்த மகோகனி

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரையேறியது. எங்கள் பள்ளி புதுக்கோட்டை – தஞ்சாவூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. மூன்றாம் நாள் சாலை ஓரளவு சரியான பிறகு போய்ப் பார்த்தேன். முன்வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து சுற்றுச்சுவர் மேல் கிடந்தது. காலை வழிபாடு, சத்துணவு, விளையாட்டு எல்லாம் அந்த ஒரே நிழலில்தான் நடந்து வந்தன. பிள்ளைகள் வீடுகளில் தென்னையும் முந்திரியும் விழுந்து கிடந்தன. வகுப்பு தொடங்கியதும் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "டீச்சர், இனிமே பிரேயர் எங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் மரம் பற்றிப் பேசினால் சேந்தன்குடி 'மரம்' தங்கசாமி ஐயா நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். தம் நிலத்தையே காடாக்கிக் காட்டியவர். அவரும் அந்த 2018ஆம் ஆண்டில்தான் மறைந்தார். அவரைப்போல் ஏக்கர் கணக்கில் நட எங்களுக்கு இடம் ஏது? எங்களிடம் இருந்தவை ஒரு வராண்டா, நான்கு சன்னல்கள், இருபத்து நான்கு பிள்ளைகள், கைநிறைய விதைகள்.

விதைகள் கீரமங்கலம் பக்கம் என் சித்தப்பா தோட்டத்து மகோகனி மரங்களிலிருந்து வந்தவை. கிளைகள் முறிந்தாலும் அந்த மரங்கள் கஜாவில் நின்றுவிட்டன. அந்த விதைகளை முளைக்கவைத்து, தொட்டியில் வளர்த்து, ஏறத்தாழ இருபது மாதம் வீடுகளுக்குள் வைத்துக் காப்பாற்றிய கதையையும், அதில் நாங்கள் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். தொட்டியில் மரம் வளர்க்க விரும்பும் எந்தப் பள்ளிக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில், மகோகனியைத் தெரிந்துகொள்வோம்

மகோகனி நம் ஊர் மரம் அல்ல. மேற்கிந்தியத் தீவுகளும் மத்திய, தென் அமெரிக்காவும் அதன் தாயகம். ஆனால் சொந்தக்காரர் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறார். வேம்பும் மலைவேம்பும் மகோகனியும் ஒரே தாவரக் குடும்பம். விதையைக் கடித்துப் பார்த்தவர்கள் கசப்பை வைத்தே உறவைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கடிக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நம் பக்கம் காணப்படுவது பெரும்பாலும் இரண்டு வகை. சிறிய இலை உடைய ஸ்வைடீனியா மகாகோனி ஒன்று. பெரிய இலை உடைய ஸ்வைடீனியா மேக்ரோஃபில்லா மற்றொன்று. மரத்துக்காகத் தோட்டங்களில் நடப்படுவது பெரும்பாலும் பெரிய இலை வகை. தொட்டிக்குச் சிறிய இலை வகைதான் ஏற்றது; இலைகள் சிறியவை, வளர்ச்சியும் நிதானம். எங்களுக்குக் கிடைத்தது பெரிய இலை வகை. கிடைத்ததை வைத்துத்தான் செய்தோம், அதுவும் முடியும்.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு இந்த மரத்தில் ஒரு பாடமே இருக்கிறது. 1721இல் பிரிட்டன் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரங்களுக்கு இறக்குமதி வரியை நீக்கியது. அதன்பின் ஜமைக்காவிலும் இன்றைய பெலிஸ் நாட்டிலும் மகோகனி வெட்டும் தொழில் பெருகியது. காட்டுக்குள் வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். மேசை நாற்காலி போய்ச் சேர்ந்தது இலண்டன் மாளிகைகளுக்கு. இன்றும் பெலிஸ் நாட்டின் தேசிய மரம் மகோகனி. 1795இல் கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு ஜமைக்காவிலிருந்து கன்றுகள் வந்தன. தாயகக் காடுகளில் அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் சிறிய இலை மகோகனி 1992இலும், அமெரிக்கக் காடுகளின் பெரிய இலை மகோகனி 2003இலும் சேர்க்கப்பட்டன.

முதல் ஆண்டு: என் தவறு

மகோகனிக் காய் கட்டை போலக் கடினமானது. கோடை தொடங்கும் காலத்தில், இலை உதிரும் சமயத்தில், காய் அடியிலிருந்து ஐந்து மடல்களாக வெடிக்கும். உள்ளே ஒற்றை இறக்கை கொண்ட பழுப்பு விதைகள் அடுக்கி வைத்த ஓலைபோல இருக்கும். ஒரு காயில் நாற்பது ஐம்பது விதைகள் சாதாரணம். காற்றில் விட்டால் சுழன்று சுழன்று இறங்கும்.

விதையை எடுத்துவைத்து ஆடியில் விதைக்கலாம் என்று நினைக்கக் கூடாது. அறை வெப்பத்தில் வைத்தால் ஓரிரு மாதங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். ஆகவே மாசி, பங்குனியில் கிடைத்தால் அப்போதே விதைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு இதில்தான் சிக்கல். முளைத்து இரண்டு மாதத்தில் கோடை விடுமுறை வந்துவிடுகிறது.

2019 மார்ச்சில் முப்பது பைகளில் விதைத்தோம். இருபத்தாறு முளைத்தன. ஏப்ரல் கடைசியில் வராண்டாவில் வரிசையாக அடுக்கிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் சொல்லிவைத்ததோடு சரி. ஜூனில் திறந்தபோது இருபத்தாறும் காய்ந்து குச்சியாக நின்றன. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. பைகளை எடுத்து மண்ணைக் கொட்டினார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மரக்கன்று விழா நடத்துகிற நாம் எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மே மாதம் தண்ணீர் ஊற்றப்போவது யார்? இதற்கு விடை இல்லாமல் விதைக்கக் கூடாது.

இரண்டாம் ஆண்டு: எதிர்பாராத விடை

2020 பிப்ரவரியில் மறுபடி விதைத்தோம். இந்த முறை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பை. கோடை விடுமுறைக்கு அவரவர் பையை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போவது என்று பேசி வைத்திருந்தோம். மார்ச் முதல் வாரத்தில் முளைகள் தெரிந்தன. மார்ச் 17 முதல் பள்ளிகள் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்ததும், ஊர்ப்பிள்ளைகள் வந்து பைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "ரெண்டு வாரந்தான், பத்திரமா கொண்டாங்க" என்றேன்.

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. கல்வித் தொலைக்காட்சியும் கைபேசியும்தான் நடுவில் எங்களுக்கு இருந்த தொடர்பு. கைபேசி இருந்த வீடுகளிலிருந்து பாடக் கேள்விகளோடு செடிப் படங்களும் வந்தன. ஆறாம் வகுப்பில் பை வாங்கிப் போனவர்கள் எட்டாம் வகுப்பில் திரும்பி வந்தார்கள். "செடி?" என்று கேட்டேன். பதினோரு பேரிடம் உயிரோடு இருந்தது. பதின்மூன்று செத்துப்போயிருந்தன.

கணித வேளையில் பதின்மூன்றுக்கும் காரணம் கேட்டுக் கரும்பலகையில் எழுதினோம். தண்ணீர் அதிகமாகி அழுகியவை 5. வெப்பத்திலும் தண்ணீர் இல்லாமலும் காய்ந்தவை 3. ஆடு மேய்ந்தவை 2. யூரியா போட்டதால் கருகியது 1. நிழலிலிருந்து திடீரென வெயிலுக்குப் போனது 1. காரணம் தெரியாதது 1. இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த நாற்றங்கால் கையேடும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தரவில்லை.

விதைப்பும் முளைப்பும்

விதையின் இறக்கையைக் கிள்ளிவிட்டு, ஒரு இரவு நீரில் ஊறவைத்து, ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கை வசமாக விதைக்கலாம். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. பத்து நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முளைக்கும்.

பக்கத்தில் ஒரு பையில் புளியங்கொட்டையையும் விதையுங்கள். புளி தன் பருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வரும். மகோகனி பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் மேலே அனுப்பும். தரைமேல் முளைத்தல், தரைகீழ் முளைத்தல் இரண்டையும் இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. முதலில் வரும் இலைகள் தனி இலைகள். பின்னால் வருபவைதான் இறகு வடிவக் கூட்டிலைகள். "வேற செடி முளைச்சிருச்சு" என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். பயம் வேண்டாம்.

புதுத் தளிர் செம்பு நிறத்தில் வரும். அதுவும் நோயல்ல, மாந்தளிர் போலத்தான், சில நாளில் பச்சையாகிவிடும்.

தொட்டியும் மண்ணும்

எங்கள் பக்கத்துச் சரளைச் செம்மண்ணை அப்படியே தொட்டியில் போட்டால், காய்ந்ததும் செங்கல்போல இறுகிவிடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய தொழு உரம் என்று கலந்தால் போதும். புதுச் சாணம் கூடாது. அது மட்கும்போது உண்டாகும் சூடு வேரைக் கெடுக்கும்.

முதல் ஆறு மாதத்துக்கு நாற்றுப் பை போதும். பிறகு பத்து அங்குலத் தொட்டி. தொட்டி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பழைய பெயிண்ட் வாளி அருமையான தொட்டி. ஆனால் அடியில் நான்கைந்து துளைகள் கட்டாயம். அழுகிய ஐந்து செடிகளில் நான்கு, துளை இல்லாத வாளியிலும் டப்பாவிலும் இருந்தவை. வேரும் மூச்சுவிடுகிறது, மண் துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் நின்றால் வேர் ஆக்சிஜன் இல்லாமல் அழுகும். வேர் அழுகிய செடி மேலே வாடித்தான் தெரியும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். இந்தப் பிழையில்தான் அக்கறையான பிள்ளைகளின் செடிகள் செத்தன. அக்கறையில்லாதவர்களின் செடிகள் சில பிழைத்துவிட்டன என்பதையும் சிரிப்போடு ஒத்துக்கொண்டோம்.

தண்ணீர்

இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்குச் சொல்லக் கூடாது. சித்திரை வேறு, கார்த்திகை வேறு. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே நீர் வெளியேறும் வரை ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கிய நீரைக் கால்மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றினால் மண்மேல் வெள்ளைப் படலம் படியும், இலை நுனி கருகும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். முடியாவிட்டால் அரிசி கழுவிய நீர் பரவாயில்லை. உப்புப் போட்டது மட்டும் கூடாது. மழை பெய்யும் நாளில் தொட்டியை வெளியே வைத்தால் படிந்த உப்பும் கரைந்து கீழே போய்விடும்.

மாசி, பங்குனியில் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பதறாதீர்கள். வறட்சியில் இலை உதிர்ப்பது இந்த மரத்தின் குணம். அப்போது தண்ணீரைக் குறைக்க வேண்டும். சில வாரத்தில் தளிர்க்கும்.

வெளிச்சம்

மகோகனிக் கன்று பெரிய மரங்களின் நிழலில் முளைத்துப் பழகியது. அதனால்தான் இளமையில் வீட்டுக்குள் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் நிழல் என்றால் இருட்டல்ல. அலமாரி மேலும் தொலைக்காட்சிப் பெட்டி பக்கத்திலும் வைத்த செடிகள் வெளுத்து, நூல்போல நீண்டன. கிழக்குச் சன்னலோரம், காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழும் இடம் சிறந்தது.

சன்னலோரச் செடி வெளிச்சத்தின் பக்கம் சாயும். தண்டின் நிழல் பக்கத்தில் ஆக்சின் அதிகமாகச் சேர்வதால் அந்தப் பக்கச் செல்கள் கூடுதலாக நீளும், தண்டு வளையும். அறிவியல் பாடத்தின் ஒளிச்சார்பசைவு இதுதான். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் நேராக வளரும்.

ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக்கு அடியில் மாடத்திலோ பரணிலோ வைக்கக் கூடாது. காய்ந்த மூன்றும் அப்படி வைத்தவை. அந்த வீடுகளில் மனிதர்களே பகலில் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். தரையில், கதவோரம் வைப்பதே நல்லது.

உள்ளே இருந்த செடியை வெளியே கொண்டுபோவதென்றால் இரண்டு வாரம் பழக்க வேண்டும். முதல் நாள் அரை மணி காலை வெயில், பிறகு மெல்ல மெல்லக் கூட்டுதல். ஒரே நாளில் உச்சிவெயிலில் வைத்த செடியின் இலைகள் வெந்ததுபோல் வெளுத்து உதிர்ந்தன.

உரமும் பூச்சியும்

மழைக்காலத்தில் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். யூரியா பட்ட செடியின் அப்பா நல்ல எண்ணத்தில்தான் ஒரு பிடி போட்டார். சின்னத் தொட்டியில் அது கரைந்ததும், மண்ணின் நீர் வேருக்குள் போவதற்குப் பதில் வேரின் நீர் வெளியே வந்துவிட்டது. சவ்வூடு பரவல் நடத்தும்போது உருளைக்கிழங்கு சோதனையோடு இந்தக் கதையையும் சொல்கிறேன்.

வீட்டுக்குள் வருபவை மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சிவப்புச் சிலந்தி. ஈரத்துணியால் இலையின் அடிப்புறத்தைத் துடைத்தாலே பாதி போய்விடும். மீதிக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

வெளியே நட்டபின் பெரிய எதிரி தளிர்த் துளைப்பான் புழு. நுனிக்குருத்து வாடித் தொங்கும், துளையிலிருந்து மரத்தூள் போன்ற எச்சம் தெரியும். அந்தத் தண்டைத் துளைக்குக் கீழே நறுக்கி எரித்துவிட வேண்டும். பக்கத்தில் பல கிளைகள் தளிர்க்கும். நேரான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்க வேண்டும். தோப்பு முழுக்க மகோகனியாகவே நட்டால் இந்தப் புழுவுக்கு விருந்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

சொல்லாமல் விடக் கூடாத மூன்று

ஒன்று: வீட்டுச்செடி காற்றைச் சுத்தம் செய்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். 1989இல் நாசா வெளியிட்ட சோதனை மூடிய சிறு அறைகளில் நடந்தது. 2019இல் இப்படிப்பட்ட பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சாதாரணக் கட்டடத்தின் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் தேவை என்று கணக்கு வந்தது. சன்னலைத் திறந்து வைப்பதே மேல். உண்மையான காரணம் இல்லாமலே செடி வளர்க்கப் போதுமான காரணங்கள் இருக்கின்றன.

இரண்டு: சர்க்கரை நோய்க்கு மருந்து என்று மகோகனி விதையை விற்கிறார்கள். இதைத் தின்றதால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. பிள்ளைகள் வழியே விதை வீட்டுக்குப் போகிறது. ஆகவே இந்த எச்சரிக்கையும் கூடவே போக வேண்டும்.

மூன்று: இது வெளிநாட்டு மரம். நம் மாவட்டத்துக் கோயில்காடுகளில் நிற்கும் உசிலும் வீரையும் பாலையும் இலுப்பையும் தரும் பூவையும் பழத்தையும் நம் பறவைகளுக்கு இது தராது. "நட்டால் கோடீஸ்வரர்" என்ற விளம்பரப் பேச்சும் வகுப்பறைக்கு வேண்டாம். பள்ளியில் ஒரு மகோகனி நட்டால், பக்கத்தில் சில நாட்டு மரங்களையும் நடுங்கள். நாங்கள் புங்கனும் இலுப்பையும் நட்டோம்.

நடுவதா, தொட்டியிலேயே விடுவதா?

2021 நவம்பர் மழையில் பதினொன்றில் ஏழைப் பிள்ளைகள் தங்கள் வீட்டு நிலத்தில் நட்டார்கள். மூன்று பள்ளிக்கு வந்தன. இரண்டடி நீள, அகல, ஆழக் குழி. கட்டடத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி. நடும்போது தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றியிருந்த வேரை நறுக்கிவிட்டு. சுற்றிய வேரை அப்படியே நட்டால் மண்ணிலும் அது சுற்றியே வளரும். பெருங்காற்றில் பிடிப்பு இருக்காது. கஜாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவை இருக்கவில்லை.

பதினோராவது செடி ஒரு மாணவியுடையது. அம்மா ஆதனக்கோட்டையில் முந்திரி வறுக்கும் வேலைக்குப் போகிறார். அப்பாவுக்குக் கட்டட வேலை. குடியிருப்பது வாடகை வீடு. அந்த அப்பா கம்பியைக் காய்ச்சி பெயிண்ட் வாளியில் துளை போட்டுக் கொடுத்திருக்கிறார். வாளி கதவோரம் இருந்ததால் கதவு திறக்கும்போதெல்லாம் நகர்த்தி, திருப்பி வைத்திருக்கிறாள். 58 சென்டிமீட்டர்தான், ஆனால் பதினொன்றிலும் நேராக நின்றது அதுதான்.

"எங்களுக்கு நட எடம் இல்லயே டீச்சர்" என்றாள்.

"அதனாலென்ன, பள்ளிக்கூடத்துல நட்ருவோம்" என்றேன் சட்டென்று.

அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வாளியைக் கொண்டுவரவும் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இடம் உள்ளவர்களிடம் "எங்கே நடப்போகிறாய்?" என்று கேட்டேன். இடம் இல்லாத பிள்ளையிடம் கேட்கவில்லை. செடியைப் பொதுவில் வைத்துவிடு என்று நானே முடிவு சொல்லிவிட்டேன். கூப்பிட்டு, "நீ என்ன நெனக்கிற?" என்று கேட்டேன்.

"வாளியிலயே வெச்சுக்கலாமா? செத்துருமா?"

சாகாது. அதைத்தான் அவளோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழையில், செடியை மண்கட்டியோடு வெளியே எடுத்து, சுற்றியுள்ள வேரில் நான்கில் ஒரு பங்கை நறுக்க வேண்டும். அதற்கு ஈடாக மேலே நுனியையும் கொஞ்சம் கிள்ள வேண்டும். புது மண் கலவை இட்டு அதே வாளியில் வைத்து, இரண்டு வாரம் நிழலில் வைக்க வேண்டும். நுனி கிள்ளினால் கிளை பிரியும். பலகைக்கு வளர்ப்பவருக்கு அது நட்டம், தொட்டியில் வளர்ப்பவருக்கு அழகு. காட்டில் முப்பது மீட்டருக்கு மேல் போகும் மரம் இடுப்பளவு உயரத்தில் பல ஆண்டுகள் இருக்கும். பூக்காது, காய்க்காது, பெரும் நிழல் தராது. இதையும் மறைக்காமல் சொன்னேன். "பரவால்ல டீச்சர், எப்ப எடம் கெடைக்குதோ அப்ப நடலாம்ல?" என்றாள். நடலாம்.

அவள் 2022இல் எட்டாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். அந்தக் குடும்பம் இரண்டு முறை வீடு மாறிவிட்டது. வாளியும் கூடவே போனது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அப்பாவின் சைக்கிளில் வாளியை வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவருகிறாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நிற்க, வேர் நறுக்குவது எப்படி என்று அவள்தான் காட்டுகிறாள். 2024 ஐப்பசியில் பதினொன்றாம் வகுப்புச் சீருடையில் வந்தாள். செடி அவள் இடுப்புக்கு இருந்தது.

வகுப்பறையில்

தேசியப் பசுமைப் படை வைத்திருக்கும் பள்ளிகள் இதைத் தனித் திட்டமாகவே எடுக்கலாம். மற்றவர்களுக்குச் சில குறிப்புகள்:

தொடக்க வகுப்புகளில் விதையைக் கைதட்டும் எண்ணிக்கைக்குள் யாருடையது கடைசியாகத் தரையைத் தொடுகிறது என்று விளையாடலாம். கூட்டிலையில் சிற்றிலைகளை இணை இணையாக எண்ண வைக்கலாம். மகோகனியில் சிற்றிலைகள் இரட்டைப்படையிலேயே முடியும்.

நடுநிலை வகுப்புகளில் முழு இறக்கை, பாதி வெட்டிய இறக்கை, இறக்கை இல்லாத விதை மூன்றையும் ஒரே உயரத்திலிருந்து விட்டு நேரம் அளக்கலாம். ஐந்து முறை விட்டுச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை உயரம் அளந்து வரைபடம் வரையலாம்.

உயர்நிலை வகுப்புகளில் ஒளிச்சார்பசைவு, நீராவிப்போக்கு, சவ்வூடு பரவல் மூன்றுக்கும் ஒரே தொட்டி போதும். சமூக அறிவியலில் பெலிஸ் காட்டிலிருந்து இலண்டன் மேசை வரை மரம் போன வழியை வரைபடத்தில் குறிக்கச் சொல்லலாம்.

நாட்காட்டி

மாசி, பங்குனி: விதை சேகரித்து அந்த வாரமே விதைத்தல். ஏப்ரல் கடைசி: பை வீட்டுக்குப் போகிறது, எந்த வீட்டில், எந்தச் சன்னலோரம் என்று பிள்ளையே எழுதித் தர வேண்டும். வாளியின் துளைகளை ஆசிரியர் கண்ணால் பார்க்க வேண்டும். ஜூன்: செடி பள்ளிக்கு வருகை, உயரம் பதிவு. ஐப்பசி: தொட்டி மாற்றம்; அல்லது இரண்டு வாரம் வெயிலுக்குப் பழக்கி, நடுதல். நடுவதா வைத்திருப்பதா என்பதை வளர்த்த பிள்ளையிடம் கேட்க வேண்டும். இடம் இருக்கிற பிள்ளையிடமும், இல்லாத பிள்ளையிடமும்.

செத்த செடிக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். எப்படிச் செத்தது என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பதின்மூன்று காரணங்களும் ஒரு அட்டையில் இன்றும் சுவரில் இருக்கின்றன. புதிதாகப் பை வாங்கும் பிள்ளைகள் முதலில் அதைத்தான் வாசிக்கிறார்கள். தூங்குமூஞ்சி நின்ற இடத்தில் நட்ட மூன்று மகோகனிகளில் ஒன்றைப் புழு துளைத்தது; நறுக்கிவிட்டோம், மறுபடி தளிர்த்தது. பிரேயர் இன்னும் வெயிலில்தான் நடக்கிறது. ஆனால் காலை எட்டரை மணிக்கு, முன்வரிசையில் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேல் அந்த மரங்களின் நிழல் விழத் தொடங்கியிருக்கிறது.